செவியும் பிழைக்கும்

 

நிக்காஹ் முடிந்து மணமகள் புகுந்த வீட்டிற்கு வந்து நான்கு மாதங்கள்கூட நிறைந்திருக்காது. மாமனார் நோயில் விழுவார். அல்லது வளைகுடா நாட்டிலிருக்கும் மைத்துனரின் வேலை போய்விடும். அல்லது கடையில் எதிர்பாராத நட்டம் வரும். அப்பொழுது வீட்டின் ஏதோ ஒரு மூலையிலிருந்து மெல்ல ஒரு சொல் புறப்படும்: "இவள் கால் வைத்த நேரம்!" அச்சொல் அடுப்படிக்கும் போய்ச் சேரும். அங்கே நின்றுகொண்டிருக்கும் பெண்ணின் செவியிலும் விழும். அவள் என்ன மறுமொழி சொல்வாள்? செய்த குற்றத்திற்குச் சாட்சி கேட்கலாம். செய்யாத குற்றத்திற்கு மன்னிப்புக்கூடக் கேட்கலாம். கால் வைத்த நேரத்திற்கு யாரிடம் போய் முறையிடுவது?

இந்தப் பேச்சு நம் நாட்டில் பழையது. எல்லாச் சமுதாயங்களிலும் உண்டு. ஆனால் முஸ்லிம் இல்லங்களில் இதற்கு மார்க்க ஆதாரமும் காட்டப்படும்போதுதான் நெஞ்சம் துணுக்குறுகிறது. பெண்ணிலும் வீட்டிலும் குதிரையிலும் பீடை இருப்பதாக நபிமொழி வந்திருக்கிறது, அதுவும் புகாரியிலேயே இருக்கிறது என்று ஒருவர் எடுத்துரைத்துவிட்டால், அதற்குமேல் யார் வாய் திறப்பார்?

கூறியவர் இட்டுக்கட்டிக் கூறவில்லை. அக்கருத்தில் ஓர் அறிவிப்பு ஸஹீஹுல் புகாரியில் இருக்கத்தான் செய்கிறது. ஆகவேதான் இம்மாதம் அதனையே எடுத்துக்கொள்கிறோம். ஒரு நபிமொழி நம்மிடம் வந்து சேரும்போது அதனை எப்படிக் கேட்பது, எப்படிப் பொருள் கொள்வது என்பதற்கு இதனைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இத்தகைய கட்டத்தில் நம்மவர்கள் இருவகை அவசரத்திற்கு ஆளாகிறார்கள். "ஹதீஸ் என்று வந்துவிட்டது, இனி கேள்வி கேட்பது ஈமானுக்கு ஆபத்து" என்று சிலர் வாயடைத்து நிற்கிறார்கள். வேறு சிலரோ, "இதற்குத்தான் சொல்கிறோம், திருக்குர்ஆன் ஒன்றே போதும், ஹதீஸ்களை ஒதுக்கிவிடுங்கள்" என்கிறார்கள். பின்னவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கலாம். தொழுகையை நிலைநாட்டுமாறு திருமறை திரும்பத் திரும்பப் பணிக்கிறது. லுஹருக்கு 4 ரக்அத், மஃரிபுக்கு 3 ரக்அத் என்று அது எண்ணிச் சொல்லவில்லை. ஸகாத்தைக் கடமையாக்குகிறது, வெள்ளியில் 200 திர்ஹத்திற்கு 5 திர்ஹம் என்ற அளவு நபிவழியிலிருந்தே நமக்குக் கிடைத்தது. ஹதீஸை ஒதுக்கியவர் நாளை ஃபஜ்ருக்கு எத்தனை ரக்அத் தொழுவார்? இவ்வளவோடு அவர்களை விட்டுவிடுவோம். முன்னவர்களைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. ஏனெனில் நம் வீடுகளில் பெரும்பாலோர் அவர்களே.

கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று யார் சொன்னது? ஸஹாபாக்கள் அப்படி எண்ணியதாகத் தெரியவில்லை. அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் வாயிலில் நின்று மூன்று முறை அனுமதி கேட்டார்கள். மறுமொழி வராததால் திரும்பிப் போய்விட்டார்கள். பின்னர் ஏன் திரும்பினீர் என்று உமர் (ரலி) வினவியபோது, மூன்று முறை அனுமதி கேட்டும் கிடைக்காவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் கட்டளை என்றார்கள். கேட்பதற்கு எவ்வளவு எளிய செய்தி! ஹலால் ஹராம் பற்றிய பெரும் சட்டமன்று, வாசற்படி ஒழுக்கம். சொன்னவரும் சாதாரணமானவர் அல்லர். ஆயினும் உமர் (ரலி), இதற்குச் சாட்சி கொண்டு வாரும் என்று உறுதியாகக் கூறிவிட்டார்கள். அபூமூஸா (ரலி) கலக்கத்தோடு அன்ஸாரிகளின் அவைக்குச் சென்றார்கள். அந்த அவையில் இளையவரான அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) உடன் வந்து சாட்சி பகர்ந்தார்கள். அதன் பின்னரே கலீஃபா ஏற்றுக்கொண்டார்கள். கடைவீதி வணிகம் இச்செய்தியைத் தாம் அறியவொட்டாமல் செய்துவிட்டதே என்று வருந்தவும் செய்தார்கள். அபூமூஸாவை அவர்கள் சந்தேகிக்கவில்லை. மக்கள் நாயகத்தின் பெயரால் மனம் போனபடி பேசத் துணிந்துவிடக் கூடாதே என்று அஞ்சினார்கள் என்றும் அறிவிப்புகளில் வருகிறது.

கேள்வி கேட்டவர்களில் தலைசிறந்தவர் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களே ஆவார்கள். அவர்கள் வழியாக நமக்குக் கிடைத்துள்ள அறிவிப்புகளை 2210 என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் கணக்கிடுவர். அறிவித்தது ஒருபுறமிருக்க, மற்ற ஸஹாபாக்கள் அறிவித்தவற்றைக் கேட்டுத் திருத்தியதிலும் அன்னையாருக்கு நிகர் அன்னையாரே. அந்தத் திருத்தங்களை மட்டும் திரட்டி, ஹிஜ்ரி 794 (கி.பி. 1392)இல் மறைந்த எகிப்து நாட்டு அறிஞர் இமாம் பத்ருத்தீன் ஸர்கஷீ (ரஹ்) அவர்கள் 'அல்இஜாபா' என்று ஒரு தனி நூலே இயற்றினார்கள். பின்வந்த இமாம் ஸுயூத்தீ (ரஹ்) அதனைச் சுருக்கி எழுதினார்கள். 1939இல் டமாஸ்கஸில் ஸயீத் அல்அஃப்கானீ அதனைப் பதிப்பித்து அச்சேற்றினார். ஒரு பெண்மணி ஆண் அறிஞர்களைத் திருத்தியதை மறைக்காமல், பெருமையோடு தொகுத்து வைத்தவர்கள் நம் இமாம்கள். பெண் கேள்வி கேட்டால் முகம் சுளிக்கும் இக்காலத்தவர்கள் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

அத்திருத்தங்களில் ஒன்று, குடும்பத்தார் அழுவதால் இறந்தவர் வேதனை செய்யப்படுகிறார் என்ற அறிவிப்பைப் பற்றியது. உமர் (ரலி), அவர்களின் புதல்வர் இப்னு உமர் (ரலி) இருவரும் இதனை அறிவித்தார்கள். அன்னையார் ஏற்கவில்லை. ஒருவரின் சுமையை மற்றொருவர் சுமக்க மாட்டார் என்ற திருமறைக் கருத்தை எடுத்துக்காட்டினார்கள். அப்பொழுது அந்த இருவரைப் பற்றி அவர்கள் கூறியதுதான் பொன்னினும் மேலானது. அவர்கள் பொய்யரும் அல்லர், பொய்யரென்று கருதத்தக்கவரும் அல்லர்; ஆயினும் செவி பிழைத்துவிடும் என்ற கருத்துப்படச் சொன்னார்கள். இது முஸ்லிமில் பதிவாகியுள்ளது. சொன்னவரின் கண்ணியம் வேறு, சொல் சரியாக வந்து சேர்ந்ததா என்ற ஆய்வு வேறு என்று அன்னையார் பிரித்துப் பார்த்த அழகை என்னென்பது!

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இவ்விஷயத்தில் பிற்கால அறிஞர் பலர் அன்னையாரின் முடிவை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. அந்த அறிவிப்பு ஒரே ஒரு செவி வழியாக வரவில்லை. முகீரா (ரலி) போன்றோரும் அதே கருத்தில் அறிவித்திருக்கிறார்கள். எனவே அறிவிப்பைத் தள்ளாமல், திருமறையோடு இணக்கி விளக்கினார்கள். ஒப்பாரி வைப்பதைத் தம் வழக்கமாகக் கொண்டிருந்தவருக்கே இது பொருந்தும் என்று இமாம் புகாரீ (ரஹ்) தம் நூலின் பாடத் தலைப்பிலேயே குறிப்புக் காட்டினார்கள். ஆக, அன்னையார் கேட்டதும் முறை. அறிஞர்கள் எடைபோட்டதும் முறை. கேள்வியே எழாமலிருந்தால் இந்த விளக்கம் பிறந்திருக்குமா?

இன்னொன்று ரமளானைப் பற்றியது. குளிப்புக் கடமையான நிலையில் வைகறையை அடைந்தவருக்கு நோன்பில்லை என்று அபூஹுரைரா (ரலி) சொல்லிவந்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி), அன்னை உம்மு ஸலமா (ரலி) இருவரும் பெருமானாரின் இல்லத்து நடைமுறை அவ்வாறில்லை, நாயகம் அந்நிலையிலும் நோன்பைத் தொடர்ந்திருக்கிறார்கள் என்று தெரிவித்தார்கள். செய்தி அபூஹுரைராவிடம் போய்ச் சேர்ந்தது. இருவருமா சொன்னார்கள் என்று கேட்டு, அவர்களே நன்கறிந்தவர்கள் என்று கூறித் தம் கருத்தைக் கைவிட்டார்கள். தாம் நேரே கேட்டதில்லை, ஃபள்ல் இப்னு அப்பாஸ் (ரலி) வழியாகவே கேட்டதாகவும் சொன்னார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்களை இழித்துப் பேசுவதை இன்று சிலர் அறிவாளித்தனம் என்று நினைக்கிறார்கள். 5374 அறிவிப்புகளுக்கு உரியவராக எண்ணப்படும் ஒருவர், தவறு சுட்டப்பட்டவுடன் ஒரு நொடியில் விலகிக்கொண்டாரே, அந்தப் பணிவில் நூற்றில் ஒரு பங்கு இவர்களிடம் உண்டா?

இனி, நாம் எடுத்துக்கொண்ட பீடை பற்றிய செய்திக்கு வருவோம்.

முஸ்னத் அஹ்மதில் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது. பனூ ஆமிர் குலத்தைச் சேர்ந்த இருவர் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் வந்து, பெண், வீடு, வாகனப் பிராணி ஆகியவற்றில் சகுனம் உண்டென்று நாயகம் சொன்னதாக அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்களே என்றார்கள். அன்னையாருக்கு வந்த சினத்தை அறிவிப்பாளர் வருணிப்பது வியப்பூட்டுவது: அவர்களின் ஒரு பாதி வானுக்கும் மறுபாதி பூமிக்குமாய்ப் பறந்ததுபோல் இருந்ததாம்! குர்ஆனை அருளியவன் மீது ஆணையிட்டு, நாயகம் அவ்வாறு சொல்லவில்லை என்று மறுத்தார்கள். அறியாமைக் காலத்து மக்கள்தாம் இம்மூன்றிலும் சகுனம் பார்த்து வந்தார்கள் என்றே நாயகம் சொன்னதாகத் தெளிவுபடுத்தினார்கள். பூமியிலோ உங்களிலோ நேரும் எந்தத் துன்பமும், அது உண்டாவதற்கு முன்பே ஏட்டில் பதிவாகியிருக்கிறது என்ற கருத்துடைய 57ஆம் அத்தியாயத்தின் 22ஆம் வசனத்தையும் ஓதிக்காட்டினார்கள். இந்த அறிவிப்பை இமாம் ஹாகிம் (ரஹ்) ஸஹீஹ் என்று கூறியிருக்கிறார்கள்.

எவ்வளவு பெரிய வேறுபாடு பாருங்கள்! மக்கள் இப்படிச் சொல்லி வந்தார்கள் என்பது ஒரு செய்தி. இப்படித்தான் இருக்கிறது என்பது வேறொரு செய்தி. முன்னால் இருந்த நான்கு சொற்கள் விடுபட்டால், நாயகம் மறுத்த ஒன்று அவர்களே நிலைநாட்டியதாய் ஆகிவிடுகிறது.

இதே நிகழ்ச்சிக்கு வேறொரு வடிவமும் உண்டு. அதுதான் பயான் மேடைகளில் அதிகம் கேட்கப்படுகிறது. அபூஹுரைரா (ரலி) அவைக்குள் நுழையும்போது நாயகம் பேசிக்கொண்டிருந்தார்கள். யூதர்கள் இவ்வாறு கூறுகிறார்கள் என்று கண்டித்த பேச்சின் பிற்பகுதி மட்டுமே அவர் காதில் விழுந்தது, முற்பகுதி விழவில்லை என்று அன்னையார் விளக்கியதாக முஸ்னத் தயாலிஸீயில் வருகிறது. கேட்பதற்கு இனிமையான விளக்கம். நம் வாதத்திற்கும் மிகவும் பொருத்தமானது. ஆனால் இதனை அன்னையாரிடமிருந்து அறிவிப்பவர் சிரியாவின் மக்ஹூல் (ரஹ்). அவர் அன்னையாரிடம் நேரில் கேட்டவர் அல்லர். இடையில் ஒரு கண்ணி அறுபட்டிருக்கிறது என்று இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்) போன்றோர் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். எனவே இதனைத் துணைச் செய்தியாக வைத்துக்கொள்ளலாமே தவிர, இதன் மீதே கட்டடம் எழுப்பக் கூடாது. மருமகளைப் பழிப்பவரிடம் அறிவிப்புத் தொடரைக் கேட்போம், மருமகளுக்காகப் பரிந்து பேசும்போது கேட்க மாட்டோம் என்றால் அது என்ன நியாயம்? பிடித்த செய்திக்கு ஒரு படிக்கல்லும் பிடிக்காத செய்திக்கு வேறொரு படிக்கல்லும் வைத்து நிறுப்பவனைக் கடைவீதியில் என்ன பெயரிட்டு அழைப்போம்?

சரி, அன்னையார் மறுத்துவிட்டார்கள். ஆகவே புகாரியில் உள்ளதை அடித்துவிடலாமா? அதுவும் கூடாது. இங்கேதான் நிதானம் வேண்டும். இச்செய்தி அபூஹுரைரா (ரலி) வழியாக மட்டும் வரவில்லை. இப்னு உமர் (ரலி), ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) ஆகியோரும் அறிவித்திருக்கிறார்கள். பல செவிகள் ஒருங்கே பிழைத்தன என்று சொல்வது எளிதன்று. ஆனால் புகாரியைத் திறந்து அந்த அறிவிப்புகளை அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? இப்னு உமர் (ரலி) அவர்களின் ஓர் அறிவிப்பு, இம்மூன்றில் பீடை உண்டு என்று உறுதியாகச் சொல்வதுபோல் இருக்கிறது. அதே இப்னு உமர் வழியாகத் திருமணம் பற்றிய பாகத்தில் வரும் மற்றோர் அறிவிப்பில், நாயகத்தின் முன்னிலையில் சிலர் பீடையைப் பற்றிப் பேசினார்கள் என்ற முன்னிலைச் செய்தி இருக்கிறது; அதற்கு நாயகம், பீடை என்று ஒன்று எதிலேனும் இருக்குமாயின் இவற்றில் இருந்திருக்கும் என்றார்கள் என வருகிறது. ஸஹ்ல் (ரலி) அறிவிப்பதும் 'இருக்குமாயின்' என்ற வடிவில்தான். ஜிஹாத் பற்றிய பாகத்தில் இமாம் புகாரீ (ரஹ்) முதலில் உறுதி வடிவத்தை வைத்து, அதற்கு அடுத்தபடியே 'இருக்குமாயின்' வடிவத்தை வைத்திருக்கிறார்கள். ஒன்றைப் படித்து மற்றதை விட்டுவிடாதே என்று கை காட்டுவதுபோல் இல்லையா?

'இருக்குமாயின்' என்ற சொல்லுக்கு எவ்வளவு கனம் என்று தமிழறிந்தவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. "அவன் வாக்குத் தவறாதவனாய் இருந்தால் நேற்றே வந்திருப்பான்" என்று ஒருவர் சொன்னால், அவன் வாக்குத் தவறாதவன் என்றா பொருள்? விதியை எதுவேனும் முந்துமாயின் கண்ணேறு முந்தியிருக்கும் என்று முஸ்லிமில் வரும் நபிமொழியும் இதே அமைப்பில் உள்ளதுதான். விதியை எதுவும் முந்துவதில்லை என்பதே அங்கே அடித்தளம். மேலும், சகுனம் பார்த்தலே இல்லை என்று நாயகம் திட்டமாக மறுத்த நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. அந்த உறுதியான மறுப்பின் வெளிச்சத்தில்தான் இந்த 'இருக்குமாயின்' படிக்கப்பட வேண்டும் என்பது நம் கருத்து.

உறுதி வடிவத்தையே எடுத்துக்கொண்ட அறிஞர்களும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. எத்தனையோ வீடுகளில் ஒரு கூட்டத்தார் குடியிருந்து அழிந்தார்கள், பின் வேறொரு கூட்டத்தார் குடியேறி அவர்களும் அழிந்தார்கள் என்று இமாம் மாலிக் (ரஹ்) கூறியதாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது. ஆனால் அந்த மேதைகூட, அறியாமைக் காலத்தவர்போல் பெண்ணோ வீடோ தன்னாற்றலால் தீங்கிழைக்கும் என்று கருதியதாக எவரும் எண்ணிவிடலாகாது என்று குர்துபீ (ரஹ்) எச்சரித்திருக்கிறார்கள். மனம் ஒட்டாத வீட்டில் அடைபட்டுக் கிடந்து, நேர்வதற்கெல்லாம் அவ்வீட்டையே பழித்துக்கொண்டிருப்பதைவிட வேறு வீடு பார்த்துக்கொள்ளலாம் என்ற அனுமதியாகவே அதனைக் கொண்டவர்கள் பலர். வேறு சிலர், ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அறிவிக்கும் மற்றொரு நபிமொழியைத் துணைக்கழைத்தார்கள். நல்ல மனைவி, நல்ல குடியிருப்பு, நல்ல வாகனம் மூன்றும் மனிதனின் நற்பேறு. இவை தீயனவாய் அமைவது அவனது துர்ப்பேறு என்பது அதன் கருத்து. இவ்விளக்கத்தின்படி பீடை என்பது கண்ணுக்குத் தெரியாத சகுனம் அன்று. அண்டை வீட்டார் தொல்லை, முரட்டுக் குதிரை, ஓயாத சச்சரவு என்று நாம் கண்ணால் காண்கின்ற தொல்லைகளே. அப்படியானால் தீய கணவன் வாய்த்த பெண்ணின் நிலையையும் இதோடு சேர்த்தே எண்ண வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

கவனியுங்கள்: இத்தனை விளக்கங்களில் எந்த ஒன்றிலாவது, புதிதாய் வந்த மணமகளின் காலடியால் மாமனாருக்கு மாரடைப்பு வரும் என்று இருக்கிறதா? தேடித் தேடிப் பார்த்தாலும் கிடைக்காது. அறிஞர்கள் கருத்து வேறுபட்ட இடத்தில்கூட, நம் வீட்டுப் பேச்சுக்கு இடமளித்தவர் ஒருவருமில்லை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. மூன்று பொருள்களைச் சொன்ன செய்தியில் வீடும் வாகனமும் எங்கே போயின? மகன் புதிதாக வாங்கிய மோட்டார் சைக்கிளைத் தொட்டு எவரும் புகாரியை நினைவுகூர்வதில்லை. பெண்ணின் பெயர் மட்டும் மறவாமல் நிற்கிறது. 'மாப்பிள்ளை வந்த நேரம்' என்று மருமகனைப் பழித்துப் பேசும் வழக்கமும் அரிதே. நபிமொழியைத் தேடிப் போய் அதன் வழி நடப்பவர் ஒரு வகை. மனத்தில் முன்னமே இருக்கும் சொல்லுக்கு நபிமொழியைத் துணைக்கழைப்பவர் வேறு வகை.

திருமறையில் சகுனம் பற்றிய பேச்சு எங்கெங்கே வருகிறது என்று பார்த்தோமானால் உடல் சிலிர்க்கும். 7ஆம் அத்தியாயத்தில், தங்களுக்குத் தீமை நேர்ந்தபோதெல்லாம் மூஸா (அலை) அவர்களும் அவர்களுடன் இருந்தோருமே பீடை என்று ஃபிர்அவ்னின் கூட்டத்தார் கூறியதாக வருகிறது. 27ஆம் அத்தியாயத்தில் ஸமூது கூட்டத்தார் ஸாலிஹ் (அலை) அவர்களைப் பார்த்து அவ்வாறே சொல்கிறார்கள். 36ஆம் அத்தியாயத்தில் ஓர் ஊரார் தங்களிடம் அனுப்பப்பட்ட தூதர்களையே துர்ச்சகுனம் என்று தூற்றி, கல்லெறிவோம் என்று மிரட்டுகிறார்கள். உங்கள் பீடை உங்களுடனேயே இருக்கிறது என்ற கருத்தில் அத்தூதர்கள் மறுமொழி தருகிறார்கள். மூன்றிடத்திலும் பீடை என்று சுட்டப்பட்டவர்கள் யார்? அல்லாஹ்வின் தூதர்கள்! சுட்டியவர்கள் யார்? அவர்களை மறுத்தவர்கள்! அடுப்படியில் நிற்கும் அந்தப் பெண் எந்த வரிசையில் நிற்கிறாள், அவளை நோக்கிச் சொல்லை எறிந்தவர் எந்த வரிசையில் நிற்கிறார் என்பதை அவரவரே எண்ணிக்கொள்ளட்டும்.

முற்காலத்தில் ஒரு நபிமொழியைக் கேட்பதற்காக மாதக்கணக்கில் ஒட்டகத்தின் மீது பயணம் செய்தார்கள். இன்று கைப்பேசியைத் திறந்தால் காலையில் பத்து, மாலையில் பத்து என்று வாட்ஸ்அப்பில் வந்து விழுகின்றன. பூவேலைப்பாட்டுக்கு நடுவே ஒரே ஒரு வரி இருக்கும். கீழே 'புகாரி' என்று ஒரு சொல் இருக்கும். எந்தப் பாகம், எந்தப் பாடம், முன்னும் பின்னும் என்ன, வேறு அறிவிப்பில் எப்படி வந்துள்ளது என்பது எதுவுமிராது. பாதி கேட்ட செய்தியைப் பற்றி அன்னையார் அன்று கவலைப்பட்டார்கள். நாம் பாதியை மட்டுமே வெட்டி எடுத்து அனுப்புகிறோம். புகாரி, முஸ்லிம் போன்றவை இன்று தமிழிலேயே கிடைக்கின்றன. வீட்டில் அந்த நூல் இருந்தால், வந்த வரியை அதில் தேடி எடுத்து, அந்தப் பாடத்தை முழுமையாக ஒருமுறை படித்துவிட்டுப் பிறருக்கு அனுப்புங்கள். கிடைக்கவில்லையா, உங்கள் ஊர்ப் பள்ளிவாசல் ஆலிமிடம் கேளுங்கள். "இதை எங்கிருந்து எடுத்தீர்கள் ஹஜ்ரத்?" என்று கேட்டால் நல்ல ஆலிம் கோபிக்க மாட்டார், மகிழ்ச்சியோடு கிதாபை எடுத்துக் காட்டுவார்.

சகுனம் இல்லை என்று மறுக்கும் அதே நபிமொழியில் 'ஸஃபர்' இல்லை என்ற சொல்லும் வருகிறது. அது வயிற்றைப் பற்றும் ஒரு நோயைக் குறிக்கும் என்று இமாம் புகாரீ (ரஹ்) பொருள் சொன்னார்கள். ஸஃபர் மாதத்தைக் குறிக்கும் என்று வேறு அறிஞர்கள் கூறினார்கள். பின்னதைக் கொண்டால், அம்மாதத்தைப் பீடை மாதம் என்று நம் ஊர்களில் நிக்காஹைத் தள்ளிவைப்பதற்கும், ஒடுக்கத்துப் புதனன்று முஸீபத்து நீங்கவென்று மாவிலையிலும் தட்டிலும் எழுதிக் கரைத்துக் குடிப்பதற்கும் என்ன ஆதாரம் என்ற கேள்வி எழத்தான் செய்யும். அது தனியே விரிவாக எழுத வேண்டிய பொருள். இன்ஷா அல்லாஹ், பின்னொரு மாதம் பார்ப்போம்.

மாதத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் அன்னையார் வாழ்விலிருந்து இன்னொன்று. அறியாமைக் கால அரபியர் ஷவ்வால் மாதத்தில் திருமணம் செய்யத் தயங்கினார்கள். அப்பெயரின் வேர்ச்சொல்லில், பெண்ணொட்டகம் வாலை உயர்த்தி ஆணை விலக்கும் பொருள் இருப்பதால், அம்மாதத்தில் மணந்தால் தம்பதியர் ஒட்ட மாட்டார்கள் என்று நினைத்தார்கள். பெருமானார் (ஸல்) தம்மை மணந்ததும் ஷவ்வாலில், தாம் அவர்களின் இல்லம் புகுந்ததும் ஷவ்வாலில் என்று எடுத்துச் சொல்லி, அவர்களின் துணைவியரில் தம்மைவிட அன்புக்குரியவராய் இருந்தவர் யார் என்று அன்னையார் கேட்டதாக முஸ்லிமில் வருகிறது. அறிவிப்பவர் அன்னையாரின் தமக்கை மகன் உர்வா (ரஹ்). அவர் மேலும் ஒரு செய்தி சொல்கிறார்: தம் உறவுப் பெண்களுக்கு மணமாகி அவர்கள் கணவர் வீடு புகும் நாளையும் ஷவ்வாலிலேயே அமைப்பதை அன்னையார் விரும்பினார்களாம்.